போரிவலி காட்டில் வாடகை சைக்கிள்: கன்ஹேரிப் பயணச் சேவை ஒன்றின் மதிப்புரை

மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் போரிவலி வாயிலிலிருந்து கன்ஹேரிக் குகைகள் வரை சைக்கிளில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்துவிடும் தனியார் சேவை ஒன்றை அண்மையில் பயன்படுத்தினோம். சைக்கிள், தலைக்கவசம், வழிகாட்டி, பழுது பார்ப்பவர், காலைச் சிற்றுண்டி ஆகிய அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கும் என்று சொல்லித்தான் பதிவு செய்துகொண்டார்கள். வழிகாட்டி எதிர்பார்த்ததைவிட மேலாக அமைந்தார்; சைக்கிள் எதிர்பார்த்ததைவிடக் கீழாக அமைந்தது; நேரத் திட்டமோ, கன்ஹேரியை ஒருமுறையேனும் நின்று பார்த்தவர் போட்டதாகத் தெரியவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை வாடகைக்குச் சைக்கிள் தரும் எவரிடமும் இருக்கக்கூடியவை என்பதால், யாரிடம் பதிவு செய்தாலும் வாசகர் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் போரிவலி, மலாட், கோரேகாவ், மறுபக்கம் முலுண்ட், பாண்டுப், தாணே என்று குடியிருப்புகள் சூழ்ந்து நிற்க, நடுவே 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் இந்தக் காடு கிடக்கிறது. இதன் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டரைத் தொடுவதில்லை. ஏற்காட்டையும் கொடைக்கானலையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இது மலையாகவே தோன்றாது. ஆனால், கடலை ஒட்டிய தாழ்நிலத்திலிருந்தே மிதிக்கத் தொடங்குகிறோம் என்பதால், அந்தச் சிறு உயரத்திலும் ஒரு மீட்டர்கூடக் கால்களுக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியும் 1879-இல் வந்த துளசி ஏரியும் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. நகருக்குக் குடிநீர் தரும் இந்த ஏரிகளின் நீர்ப்பிடிப்பைக் காக்க வேண்டியிருந்தது, இத்தனை நெருக்கடியான ஊரின் நடுவே காடு பிழைத்துக் கிடப்பதற்கு முக்கியமான ஒரு காரணம்.

ஏரி என்றதும் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். சேவையின் விளம்பரப் படத்தில் ஒரு சைக்கிள் நீர்ப்பரப்பின் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. கன்ஹேரிச் சாலை துளசி ஏரிக்கோ விஹார் ஏரிக்கோ போவதே இல்லை. குகைகளுக்கு மேலே பாறை உச்சிவரை ஏறிப் பார்த்தால் தொலைவில் நீர் தெரியும்; அவ்வளவுதான். ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டலாம் என்ற நினைப்பில் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

சாலை என்னவோ சைக்கிளுக்கென்றே போட்டதுபோல் அமைந்திருக்கிறது. பெருவாயிலிலிருந்து குகைகள் வரை ஆறு முதல் ஏழு கிலோமீட்டர் தூரம், முழுவதும் தார்ச்சாலை. தொடக்கத்தில் படகுத் துறை, பொம்மை ரயில் தடம், நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டம் என்று பூங்கா ஒரு திருவிழா மைதானமாகத்தான் இருக்கும். அதைக் கடந்த பிறகு தேக்கும் மூங்கிலும் இலவும் இருபுறமும் அடர்ந்து, சாலை மெல்ல மெல்ல உயரத் தொடங்குகிறது. இதே காட்டின் தாணே பக்கத்தில் உள்ள யேவூர் ஏற்றமும், தெற்கே ஒட்டிக் கிடக்கும் ஆரே காலனிச் சாலையும் மும்பையின் சைக்கிள்காரர்களுக்கு நன்கு பழக்கமானவை. யேவூரில் பங்களாக்களும் உணவு விடுதிகளும் நெருங்கிவிட்டன. ஆரேயில் ஊர் வண்டிகள் குறுக்குவழியாகப் பாய்கின்றன. காட்டின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டுமென்றால் மூன்றில் கன்ஹேரிச் சாலைதான் சிறந்தது என்பது என் தீர்மானம். பேருந்தில் போகிறவர் இந்தத் தூரத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, காடு பார்த்ததாக ஊரில் சொல்வார். நடந்து போகிறவர் குகைகளைச் சேரும்போது குகைகளைப் பார்க்கும் தெம்பை இழந்திருப்பார். சைக்கிள் இரண்டுக்கும் நடுவே, பறவை கூவினால் நிறுத்திப் பார்க்கும்படியும் நேரம் மிஞ்சும்படியும் போகிறது.

இனி சைக்கிள். இந்த மதிப்புரையில் நான் அதிக இடம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான்.

எங்களுடன் என் சித்தப்பா வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிப் பல ஆண்டுகள் சைக்கிள் வாடகைக் கடையும் பழுது பார்க்கும் கடையும் நடத்தியவர். மணிக்கு இத்தனை என்று சைக்கிளை வாடகைக்கு விட்டவர் இன்னொருவரின் வாடகைச் சைக்கிளைப் பார்க்கும் பார்வை தனி. வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளின் நிறத்தையோ பெயர்ப்பட்டையையோ அவர் கவனிக்கவில்லை. எனக்கு ஒதுக்கிய வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையே உள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். இடைவெளி ஒருபக்கம் குறுகி மறுபக்கம் விரிந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது என்று பொருள். பிறகு சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெருக்கி, தளர்ந்தது எது என்று விரல்களாலேயே கண்டுபிடித்தார். கடைசியில் பிரேக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"எலே, கட்டை வழவழன்னு போயிட்டு பாரு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது, எறக்கத்துல பிடிக்காது."

"வேற வண்டி கேப்போமா, சித்தப்பா?"

"வேற வண்டி எதுக்கு? கட்டைய மாத்தச் சொல்லு. அவன்கிட்ட பெட்டியில இருக்கும்."

இருந்தது. பழுது பார்க்கும் இளைஞர் முகம் சுளிக்காமல் உடனே மாற்றியும் கொடுத்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. புதிய கட்டைகள் பெட்டிக்குள்ளும் தேய்ந்த கட்டைகள் வண்டியிலும் இருக்கும்படி ஒரு நிறுவனம் நடப்பதைத்தான் குறை சொல்கிறேன். கேட்கத் தெரிந்தவருக்கு நல்ல பிரேக், தெரியாதவருக்குத் தேய்ந்த பிரேக் என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அன்று.

கியர் இல்லாத வண்டி, 21 கியர் வண்டி என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்குக் கூடுதல் கட்டணம். தூரம் குறைவுதானே என்று எண்ணிப் பலர் முதல் வகையை எடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. கியர் இல்லாத வண்டியில் செயின் ஓடும் பற்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் என்பதால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 5 மீட்டர் நகர்கிறது. 21 கியர் வண்டியின் முன்புறத்தில் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று பற்சக்கரங்கள்; பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை ஏழு பற்சக்கரங்கள். முன்னால் 24, பின்னால் 28 என்று வைத்தால், ஒரு மிதிச் சுற்றுக்கு நகரும் தூரம் ஒன்றே முக்கால் மீட்டர்தான். அதாவது, அதே ஏற்றத்தில் மிதியை அழுத்த வேண்டிய விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகம் போய்விடும், மூச்சு போகாது. ஊருக்குள் ஓட்டுவதற்கு 5 மீட்டர் வண்டி நன்றாகவே உழைக்கும். கன்ஹேரியின் கடைசிப் பகுதியில் அதை வைத்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தவர்கள் அனைவரும் சிறிது நேரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கூடுதல் கட்டணம் கொடுத்துக் கியர் வண்டி எடுப்பதுதான் சரி. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். சித்தப்பாவின் பேத்திக்குக் கிடைத்த வண்டியில், முன்புறத்தின் மிகச் சிறிய பற்சக்கரத்துக்குச் செயின் இறங்கவே மறுத்தது. கியர்க் கம்பியின் இழுவை சரியாக வைக்கப்படவில்லை. கம்பிக் குழாயின் முனையில் துருவேறி இருந்தது. 21 கியர் என்று வண்டியின் சட்டகத்தில் பெரிதாக எழுதியிருந்த அந்த வண்டியில் வேலை செய்தவை 14. வேலை செய்யாத அந்த ஏழும்தான் கன்ஹேரிக்குத் தேவைப்படும் ஏழு. கடற்காற்று வீசும் ஊரில், மிதியை அழுத்திக்கொண்டே கியர் மாற்றும் புதியவர்கள் நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு இப்படி நேர்வது இயல்பே. வாடகைக்குத் தருபவர் அதைத் தினமும் பார்த்துச் சரிசெய்வதற்காகத்தானே பணம் வாங்குகிறார்? வண்டியைப் பெற்றுக்கொண்டதும் சமதளத்தில் ஒரு வட்டம் அடித்து, இடது கைப்பிடியில் உள்ள மாற்றியை 1-க்குக் கொண்டுவந்து, செயின் உண்மையாகவே சிறிய சக்கரத்தில் உட்காருகிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். எங்கள் வண்டியை இளைஞர் இருந்த இடத்திலேயே திருகாணியைத் திருகிச் சரிசெய்துவிட்டார். சரிசெய்யக்கூடிய பழுதுதான்; ஏற்றத்தின் நடுவே தெரியவந்தால்தான் தொல்லை.

முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த வண்டிகளைப் பெருமையாகக் காட்டினார்கள். தார்ச்சாலைக்கு அது தேவையற்ற சுமை. ஏறும்போது மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங்கே அமுங்கி எழுந்து தின்றுவிடுகிறது. ஸ்பிரிங் இல்லாத முன்கவையைக் கேட்டு வாங்குங்கள், எடையும் குறையும். டயரில் காற்றைக் கல் போல அடித்து வைத்திருந்ததும் பிடிக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவும் கூடிய அளவும் அச்சிடப்பட்டிருக்கும்; மழைக்காலத்துக் கன்ஹேரிச் சாலையில் பாசியும் இலைச் சருகும் கிடக்கும் என்பதால், அந்த அளவுக்குள் கீழ்ப்பாதியில் வைத்துக்கொள்வது பிடிமானத்துக்கு நல்லது. சீட்டின் உயரத்தை அவர்கள் யாருக்கும் பார்த்து வைக்கவில்லை. குதிகாலை மிதியின் மேல் வைத்து அதைக் கீழ்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும் என்பது சித்தப்பா எல்லோருக்கும் சொன்ன அளவு. அன்று குழுவில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அவரே ஸ்பேனரை வாங்கிச் சீட்டை உயர்த்திக் கொடுத்தார். தலைக்கவசங்கள் தரமானவைதான். முந்தைய நாள் வியர்வை காயாமல் இருந்ததால், உள்ளே கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துணி எடுத்துச் செல்வது நல்லது.

வழிகாட்டியைப் பற்றி எழுதும்போது குரல் மாறத்தான் வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் வார்லிப் பழங்குடியினரின் பாடா (குடியிருப்பு) ஒன்றைச் சேர்ந்தவர். மராத்தியும் பம்பாய் இந்தியும் கலந்து பேசினார். மும்பைத் தமிழர்களுக்கு அதில் சிரமம் ஒன்றுமில்லை. புறப்படும் முன் அவர் சொன்ன கட்டளைகள் சில. அவரை முந்தக் கூடாது. பழுது பார்ப்பவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. காதில் பாட்டுக் கருவி கூடாது. சாலையோரப் புதரை ஒட்டித் தனியாகக் குந்தி உட்காரக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டளைக்குச் சிறுத்தைகள்தான் காரணம். இவ்வளவு பெரிய நகரத்தை ஒட்டி இத்தனை நெருக்கமாகச் சிறுத்தைகள் வாழும் இடம் உலகிலேயே அரிது. நிமிர்ந்து நிற்கும் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப்போகும் அந்த விலங்கு, குனிந்திருப்பவரைச் சிறிய உருவமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று விளக்கினார். பயமுறுத்துவதற்காகவோ கதை சொல்லி மகிழ்விப்பதற்காகவோ அவர் அதைச் சொல்லவில்லை. தெருவைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்கச் சொல்லும் தொனியில் சொன்னார். அவை பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகே நடமாடுகின்றன என்பதால், காலையில் வாயில் திறந்ததும் போய் நண்பகலுக்குள் திரும்பிவிடும் இந்தப் பயணத்தில் சிறுத்தையைப் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். புள்ளிமான்கள் தெரியும். குரங்குகளைப் பார்க்காமல் தப்பிக்கவே முடியாது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர் எங்களை நிறுத்தி, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற கார்வி புதரைக் காட்டினார். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துவிட்டு மடிந்துபோகும் செடி அது. இங்கே 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2032. மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நம் நீலக்குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நான் அதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. தன் பங்குக்கு அதன் தண்டை முறித்துக் காட்டினார். இந்தத் தண்டுகளை நெருக்கமாக நட்டுக் கட்டி, மண்ணும் சாணமும் சேர்த்துப் பூசினால் வார்லி வீட்டின் சுவர். தண்டின் தடிமனையும் வளையும் தன்மையையும் விரலால் உணர்ந்த பிறகு, அந்தச் சுவர் எப்படி நிற்கும் என்று தனியே விளக்கம் தேவைப்படவில்லை. இதை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்போம்.

ஏறும்போது அவர் வேகத்தைக் குறைத்தே நடத்தினார். குழுவின் மிக மெதுவான ஆளுக்கு ஏற்ற வேகம் அது. சித்தப்பா கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளியபோது, தானும் இறங்கி அவருடன் பேசிக்கொண்டே நடந்தார். ஏறிக்கொள்ளும்படியோ விரைவுபடுத்தும்படியோ சொல்லவில்லை.

கன்ஹேரியைச் சேர்ந்ததும் நேரத் திட்டத்தின் கோளாறு வெளிப்பட்டது. முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், பொ.ஆ.மு. (கி.மு.) முதல் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டு வரை பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடம். அதற்கு முக்கால் மணி நேரம்! மூன்றாம் குகையின் சைத்தியத்துக்குள் (வழிபாட்டு மண்டபத்துக்குள்) நுழைந்து, தாழ்வாரத்தின் இரு கோடியிலும் நிற்கும், ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரப் புத்தர் உருவங்களை அண்ணாந்து பார்த்து, தூண்களின் வரிசையில் ஒரு சுற்று வந்தாலே அரை மணி ஓடிவிடும். மேலே ஏறினால்தான் உண்மையான கன்ஹேரி இருக்கிறது. சிறு சிறு அறைகள், அறைதோறும் கல்லிலேயே வெட்டிய படுக்கை மேடை, வாசலில் மழைநீரைச் சேர்க்கும் தொட்டி, தொட்டிக்கு நீரைக் கொண்டுவரப் பாறையில் வெட்டிய விரலளவு வாய்க்கால்கள். இந்தத் தொட்டிகளையும் அறைகளையும் செய்வித்துக் கொடுத்த கல்யாண், சோபாரா ஆகிய ஊர்களின் வணிகர்களுடைய பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. ஒரு மலை முழுவதையும் மழை வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று திட்டமிட்டு வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் போனால் அந்த வாய்க்கால்கள் இன்றும் ஓடுவதைக் கண்ணால் காணலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மூன்றாம் குகையின் வாசலில் கூட்டமாக ஒரு படம் எடுத்துத் திரும்புவதுதான் அவர்களின் திட்டம். நாங்கள் வழிகாட்டியிடம் கேட்டு இன்னும் ஒரு மணி நேரம் பெற்றுக்கொண்டோம். குழுவில் மற்றவர்களும் அதையே விரும்பினார்கள். பதிவு செய்யும்போதே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குகைகளுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு தனி. பூங்காவின் சீட்டும் அதுவும் சேவையின் கட்டணத்தில் சேர்ந்தவையா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். எங்களுக்கு ஒன்று சேர்ந்திருந்தது, மற்றது சேரவில்லை. அது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவும் இல்லை.

சிற்றுண்டி விஷயத்தில் அவர்களின் யோசனை விசித்திரமானது. புறப்படும் இடத்தில் கொடுத்த போஹா (அவல் உப்புமா) சூடாகவும் சுவையாகவும் இருந்தது. மாட்டுங்கா இட்லிக்குப் பழகிய நாக்குக்கும் குறை தெரியவில்லை. ஆனால் குகைகளின் அடிவாரத்தில், சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே, ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் விநியோகித்தார்கள். பூங்காவிலேயே குரங்குகள் மிகுதியாகக் கூடும் இடம் அது. எனக்குரிய பழங்களை நான் உரிக்கவே இல்லை. உரித்தவர் வேறு ஒருவர், அவருக்கு வால் இருந்தது. ஊர்ப்பெண்கள் அங்கே சாலையோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் வெள்ளரித் துண்டுகளை வாங்கி, விற்பவரின் பக்கத்திலேயே நின்று தின்று முடிப்பது நல்லது. அவர்களிடம் கோலும் இருக்கும், அனுபவமும் இருக்கும்.

இறக்கத்தில்தான் நல்ல வழிகாட்டிக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஏறும்போது களைத்துப்போன மனிதர்கள், இறங்கும்போது அதற்குப் பழிவாங்கப் பார்ப்பார்கள். சாலையின் ஒரு பாதியில் நடந்து ஏறிவரும் குடும்பங்கள், மறுபாதியில் வனத்துறைப் பேருந்து, வளைவுகளில் சருகு என்று எல்லாமே வேகத்துக்கு எதிரானவை. அவர் ஒவ்வொருவருக்கும் இடையே பத்து சைக்கிள் நீளம் விடச் சொன்னார். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்றும், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிப்பதைவிட நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்றும் இரண்டு முறை சொன்னார். ஒரு இளைஞர் அதைக் கேட்காமல் அவரை முந்திக்கொண்டு பாய்ந்தார். அடுத்த திருப்பத்தில் அவரை நிறுத்தி, சத்தம் போடாமல், அங்கிருந்து சமதளம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரச் செய்தார் வழிகாட்டி. பணம் கட்டிய வாடிக்கையாளர் என்று தயங்கவில்லை. சேவையின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியதில்லை. புதிய கட்டைகள் போட்ட என் பிரேக், விரல் பட்டதும் பிடித்தது. பழைய கட்டையோடு இறங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை, வழி நெடுகக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கிய ஒருவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கட்டணம், ஒரு நடுத்தர உணவகத்தில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிடும் செலவை ஒத்தது. பூங்காவின் உள்ளேயே கிடைக்கும் சாதாரண வாடகைச் சைக்கிளோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். அந்த வேறுபாட்டை வழிகாட்டிக்காகக் கொடுக்கலாம். சைக்கிளுக்காகக் கொடுக்க முடியாது. வைப்புத்தொகை ஒன்றும் வாங்குகிறார்கள். திரும்பியபோது மட்கார்டில் ஒரு கீறலைக் காட்டி அதில் பிடித்தம் செய்ய முற்பட்டார்கள். புறப்படும் முன் சித்தப்பாவின் பேத்தி எடுத்து வைத்திருந்த படத்தில் அதே கீறல் தெளிவாகத் தெரிந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. வண்டியை இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போகும் காலத்தைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்த பின் தை மாதம் முடியும் வரை மிக வசதி. மழைக்காலத்தில் காடும் குகைகளும் மிக அழகு; ஆனால் அந்த நாட்களில் ரிம் பிரேக்கை நம்பி இறங்குபவர் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரிம்மில் படிந்த நீரை வழித்தெறிந்த பிறகுதான் கட்டை பிடிக்கத் தொடங்கும். கோடையில் இலை உதிர்ந்து நிழல் குறைந்திருக்கும். வெயிலில் அந்தக் கடைசி ஏற்றத்தை வயதானவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

சொந்தமாகக் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மும்பை மெட்ரோவின் 2ஏ, 7 ஆகிய தடங்களில் சைக்கிளை உடன் எடுத்துச் செல்ல 2022 முதல் அனுமதி இருக்கிறது. 7-ஆம் தடத்தில் தேசியப் பூங்காவின் பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு. அந்தேரியிலோ கோரேகாவிலோ இருப்பவர், மேற்கு விரைவுச் சாலையின் போக்குவரத்தில் சிக்காமல் வாயிலருகே வந்து இறங்கிவிடலாம். சொந்த வண்டியோடு வந்தால் வழிகாட்டியை மட்டும் அமர்த்திக்கொள்ள முடியுமா என்று வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும்போது கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவர் வழிகாட்டியிடம் மராத்தியில் ஏதோ கேட்டுவிட்டு, நான்கு பேர் சேர்ந்து வந்தால் பாதிக் கட்டணத்தில் தரலாம் என்றார். அடுத்த முறை அப்படித்தான் போவதாக இருக்கிறோம். சித்தப்பா இப்போதே தன் பழைய வண்டிக்குப் பின்னால் 28 பல் ஃப்ரீவீல் (பின்பற்சக்கரம்) ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.